கழுத்து லேபிளில் ஒரு நாடு

திருப்பூரில் ஒரு நாளைக்கு எத்தனை முறை 'பனியன்' என்ற சொல் புழங்கும் என்று யாராலும் எண்ணிச் சொல்ல முடியாது. பனியன் கம்பெனி, பனியன் துணி, பனியன் வேஸ்ட் என்று பஸ் ஸ்டாண்டிலிருந்து டீக்கடை வரை அதே பேச்சுதான். அந்தச் சொல் முதலில் உடுப்பின் பெயராக இருக்கவில்லை என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். அது மனிதர்களின் பெயர்.

குஜராத் பக்கத்து வணிகர்களை அங்கே 'வாணியா' என்பார்கள். நம் 'வணிகர்' என்ற சொல்லுக்கு அது நெருங்கிய உறவு. மேற்குக் கரையில் வந்து இறங்கிய போர்ச்சுக்கீசியர் வாயிலும் ஆங்கிலேயர் வாயிலும் அது 'பனியன்' ஆனது. அந்த வணிகர்கள் உடுத்திய தளர்வான, மெல்லிய சட்டை வெயிலுக்கு இதமாக இருந்ததைப் பார்த்து வெள்ளைக்காரர்களும் தைத்துப் போட்டுக்கொண்டார்கள். சட்டைக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. அவர்கள் கூடி வியாபாரம் பேசிய ஆலமரத்துக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான். காலப்போக்கில் சட்டை சுருங்கி உள்ளாடையானது. பெயர் மட்டும் மாறவில்லை.

இதே கதை ஐரோப்பாவிலும் நடந்திருக்கிறது. ஏட்ரியாட்டிக் கடலோரம் குரோஷியா என்றொரு சிறிய நாடு. 2018 உலகக் கோப்பை கால்பந்து இறுதிப் போட்டியில் சிவப்பு வெள்ளைக் கட்டம் போட்ட ஜெர்சியில் ஆடினார்களே, அவர்கள்தான். அந்த மக்கள் தங்களை 'ஹ்ர்வாட்' என்று சொல்லிக்கொள்வார்கள். 17-ம் நூற்றாண்டில் பிரான்ஸ் பக்கம் போருக்குப் போன குரோஷிய வீரர்கள் கழுத்தில் ஒரு துணியை முடிச்சிட்டுக் கட்டியிருந்தார்கள். பாரிஸ்காரர்களுக்கு அது பிடித்துப்போனது. 'குரோஷியர் கட்டு' என்ற பொருளில் அதை 'கிராவட்' என்றார்கள். இன்று கல்யாண மாப்பிள்ளை கோட்டுக்கு மேல் கட்டும் டைக்கு அதுதான் பாட்டன். குரோஷியாவில் அக்டோபர் 18-ம் தேதியை கிராவட் தினமாகவே கொண்டாடுகிறார்கள்.

துணிக்குள் ஒளிந்த ஊர்கள்

திருப்பூர் நிட்டிங் யூனிட்டுக்குள் போனால் 'சிங்கிள் ஜெர்சி' என்ற சொல் காதில் விழாமல் வெளியே வர முடியாது. டி-ஷர்ட்டுக்கு ஓடும் துணி அதுதான். ஜெர்சி என்பது இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடுவே உள்ள ஒரு குட்டித் தீவு. அங்கே கையால் பின்னிய கம்பளி உடுப்புகளுக்குப் பேர் போனதால், பின்னல் துணிக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது.

டெனிம் பிரான்ஸின் நீம் நகரத்திலிருந்து வந்த பெயர். ஜீன்ஸ் இத்தாலியின் ஜெனோவாவிலிருந்து வந்த பெயர். காலிகோ கோழிக்கோட்டின் பெயர். மும்பையின் டோங்ரி பகுதியில் விற்ற முரட்டுத் துணி 'டங்கரி' ஆனது.

சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. கட்டம் போட்ட பருத்தித் துணிக்கு உலகம் முழுக்க 'மெட்ராஸ்' என்றுதான் பெயர். 1996-ல் ஊர் அதிகாரபூர்வமாகச் சென்னை ஆனபோதும் துணியின் பெயரை யாரும் மாற்றவில்லை. 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்சீஃப்' என்ற பெயரில் இந்தத் துணி கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனது. பெயரில் கைக்குட்டை இருந்தாலும் போனது கைக்குட்டை அல்ல, இடுப்பில் சுற்றி உடுத்தும் துணி. நைஜீரியாவில் வாழும் கலபாரி மக்கள் அதை 'இஞ்சிரி' என்கிறார்கள். 'அசல் இந்தியா' என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். குழந்தை பிறப்பிலிருந்து சாவு வரை எல்லாச் சடங்குகளிலும் அவர்களுக்கு அந்தத் துணி வேண்டும்.

ஆங்கிலத்தில் 'மெட்ராஸ்' என்றும் கலபாரியில் 'அசல் இந்தியா' என்றும் ஒரே துணிக்குப் பெயர். அந்தப் பெயர்களை ஊர்க்காரர்கள் பதிவு செய்து வாங்கவில்லை. வாங்கியவர்கள் வைத்தார்கள். தரம் பார்த்து, திரும்பத் திரும்ப வாங்கி, 'அந்த ஊர்த் துணி கொடு' என்று கேட்டுக் கேட்டு வைத்த பெயர்கள் அவை.

இந்திய, இந்தியன், இந்தியா

துணிக்கு ஊர்ப் பெயர் தானாக ஒட்டிக்கொள்ளும். நிறுவனத்துக்கு அப்படி இல்லை. பெயர் வைப்பவர் யோசித்துத்தான் நாட்டின் பெயரைச் சேர்க்கிறார்.

குரோஷிய மொழியில் இது கொஞ்சம் சிக்கலான வேலை. பின்னால் வரும் சொல் ஆண்பாலா, பெண்பாலா, அஃறிணையா என்று பார்த்து, 'குரோஷிய' என்ற சொல்லின் வால் மாறும். தொலைபேசி நிறுவனம் என்றால் 'ஹ்ர்வாட்ஸ்கி'. அஞ்சல் துறை என்றால் 'ஹ்ர்வாட்ஸ்கா'. தேசிய நாடக அரங்கம் என்றால் 'ஹ்ர்வாட்ஸ்கோ'. இதில் வேடிக்கை என்னவென்றால், நாட்டின் பெயரே 'ஹ்ர்வாட்ஸ்கா'தான். அதாவது 'குரோஷியருடைய' என்று மட்டும் சொல்லி, 'நாடு' என்ற சொல்லை விட்டுவிட்டார்கள். அங்கே ஒரு கம்பெனி தன் பெயரில் நாட்டின் பெயரையோ அதிலிருந்து பிறந்த சொல்லையோ நினைத்தபடி சேர்க்க முடியாது. முன்அனுமதி வேண்டும்.

தமிழில் இலக்கணம் எளிது. 'இந்திய' என்று சொல்லிவிட்டால் பின்னால் எது வந்தாலும் அது மாறாது. ஆனால் பெயர்ப் பலகைகளைப் பாருங்கள். இந்திய ரிசர்வ் வங்கி, இந்தியன் வங்கி, பாரத ஸ்டேட் வங்கி, பேங்க் ஆஃப் இந்தியா. நான்கும் வங்கிகள், நான்கும் ஒரே நாட்டைத்தான் சொல்கின்றன, சொல்லும் விதம் மட்டும் நான்கு. ஆங்கிலப் பெயரை அப்படியே எடுத்தால் 'இந்தியன்'. தமிழில் பெயர்த்தால் 'இந்திய'. வடமொழி வழியில் வந்தால் 'பாரத'.

இந்தச் சின்ன வேறுபாட்டுக்குப் பின்னால் வரலாறு இருக்கிறது. 1906-ல் சென்னையில் அர்பத்நாட் என்ற ஆங்கிலேய நிதி நிறுவனம் திவாலாகி, ஏராளமானவர்களின் சேமிப்பு மூழ்கியது. அடுத்த ஆண்டே, 1907-ல், அதே நகரத்தில் இந்தியர்கள் சேர்ந்து ஒரு வங்கி தொடங்கினார்கள். அதற்கு வைத்த பெயர் 'இந்தியன் வங்கி'. அந்த நேரத்தில் அந்தப் பெயரே ஒரு வாக்குறுதி. 'உங்கள் பணம் உங்கள் ஆட்களிடம்தான் இருக்கிறது' என்று அது மக்களுக்குச் சொன்னது.

தூத்துக்குடிக் கடலில் இரண்டு பெயர்கள் நேருக்கு நேர் மோதின. கொழும்புக்குக் கப்பல் விட்டுக்கொண்டிருந்த ஆங்கிலக் கம்பெனியின் பெயர் 'பிரிட்டிஷ் இந்தியா'. 1906-ல் வ.உ.சி. தொடங்கிய கம்பெனியின் பெயர் 'சுதேசி'. ஒரு பெயர் நாட்டின் உரிமையாளர் யார் என்று சொன்னது, இன்னொன்று அதை மறுத்தது. கட்டணத்தைக் குறைத்துப் பார்த்தார்கள், மிரட்டிப் பார்த்தார்கள். 1908-ல் வ.உ.சி. சிறைக்குப் போனார், கம்பெனி நொடிந்தது. 'சுதேசி' என்ற சொல் மட்டும் நொடியவில்லை. கைத்தறிக் கடைப் பலகையில் இன்றும் அதைப் பார்க்கலாம்.

1955-ல் 'இம்பீரியல் பேங்க் ஆஃப் இந்தியா' என்ற பெயர் 'ஸ்டேட் பேங்க் ஆஃப் இந்தியா' ஆனது. பெயர்ப் பலகையில் மாறியது ஒரே ஒரு சொல். பேரரசு போய் அரசு வந்தது.

ஆடிட்டர் சொல்லும் விதிகள்

சரி, திருப்பூருக்குத் திரும்புவோம். பத்து வருடம் பவர் டேபிளில் உட்கார்ந்து தைத்த ஒரு கணவனும், செக்கிங்கில் வேலை பார்த்த அவர் மனைவியும் சொந்தமாக ஒரு யூனிட் போடுவதாக வைத்துக்கொள்வோம். மிஷின் வந்தாயிற்று, கரன்ட் கனெக்‌ஷன் வாங்கியாயிற்று. இனி பெயர் வைக்க வேண்டும். வீட்டில் பேச்சு இப்படித்தான் போகும்.

"ஏனுங்க, பேரு பெருசா இருந்தாத்தான பயர் நம்புவான்? 'இந்தியன் நேஷனல் நிட்வேர்'னு வெச்சுரலாமுங்களா?"

"வெக்கலாம். எதுக்கும் ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போடலாம்."

ஆடிட்டர் முதலில் கேட்பது, "கம்பெனியா, பார்ட்னர்ஷிப்பா, இல்லை தனி ஆளா?" என்றுதான். தனி ஆள் நடத்தும் யூனிட் என்றால் கம்பெனிச் சட்டத்தின் பெயர் விதிகள் வராது. பிரைவேட் லிமிடெட் என்றால் வரும்.

'நேஷனல்' என்ற சொல்லைக் கம்பெனியின் பெயரில் சேர்க்க மத்திய அரசின் முன்அனுமதி வேண்டும். 'யூனியன்', 'சென்ட்ரல்', 'ஃபெடரல்', 'ரிபப்ளிக்' போன்ற சொற்களுக்கும் அப்படித்தான். அரசு நிறுவனமோ என்று மக்கள் ஏமாந்துவிடக் கூடாது என்பதுதான் காரணம். 'இந்தியா' என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் நாட்டின் பெயரையோ ஊரின் பெயரையோ மட்டும் தனியாக வைத்துக்கொள்ள முடியாது. என்ன தொழில் என்று கூடவே சொல்ல வேண்டும்.

வெளிநாட்டின் பெயர் சேர்த்தால் பயர் மயங்குவான் என்று யாராவது நினைத்தால் அதற்கும் விதி உண்டு. அந்த நாட்டோடு உண்மையிலேயே தொழில் உறவு இருப்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். 'இந்தியா ஜப்பான்' என்று இரண்டு நாடுகளைச் சேர்த்து வைக்க, இரண்டு அரசுகளுக்கும் அதில் பங்கோ ஆதரவோ இருந்தாக வேண்டும்.

2014-ல் வந்த விதிகளில் உதாரணத்துக்கு எடுத்ததும் துணியைத்தான். 'காட்டன் டெக்ஸ்டைல் மில்ஸ்' என்று பொதுவாக வைத்தால் ஏற்க மாட்டார்கள். அதற்கு முன்னால் ஒரு ஊரோ ஒரு லட்சுமியோ வந்தால்தான் அது பெயர்.

பார்ட்னர்ஷிப் என்றால் இன்னொரு வேடிக்கை. 1932-ம் ஆண்டுச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. 'கிரௌன்', 'எம்பரர்', 'கிங்', 'குயின்', 'ராயல்' போன்ற சொற்களை அரசின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் பார்ட்னர்ஷிப்பின் பெயரில் வைக்கக் கூடாது என்கிறது அது. ராஜா போய் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அவர் பெயருக்கான காவல் மட்டும் சட்டத்தில் நிற்கிறது.

டிரேட்மார்க் என்று போனாலும் ஊர்ப் பெயரை மட்டும் எழுதி 'இது எனக்கே சொந்தம்' என்று சொல்லிவிட முடியாது. ஊர் எல்லோருக்கும் பொது என்பதுதான் சட்டத்தின் அடிப்படை நியாயம்.

தென்னிந்தியாவிலிருந்து திருப்பூருக்கு

இந்தப் பகுதியின் சங்கப் பெயர்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு கதை தெரியும்.

1933-ல் கோவையில் மில் அதிபர்கள் சேர்ந்து தொடங்கிய சங்கம் தன்னைக் கோவைச் சங்கம் என்று சொல்லிக்கொள்ளவில்லை. 'தென்னிந்திய மில்கள் சங்கம்' என்றது. 1956-ல் திருப்பூரில் தொடங்கிய பனியன் உற்பத்தியாளர்கள் சங்கமும் 'தென்னிந்திய' என்றுதான் வைத்துக்கொண்டது. அதே காலத்தில் கோவையில் வந்த ஜவுளி ஆராய்ச்சி நிலையமான 'சிட்ரா'வின் பெயரிலும் முதல் இரண்டு எழுத்து 'தென்னிந்திய'தான். பனியன் அன்று உள்நாட்டுச் சந்தைக்குப் போன சரக்கு. கல்கத்தாவிலும் பம்பாயிலும் இருந்த வியாபாரிக்குத் 'தென்னிந்தியா' என்றால் புரியும். 'திருப்பூர்' என்றால், "அது எங்கே இருக்கிறது?" என்பான்.

பிறகு ஏற்றுமதி வந்தது. 1990-ல் ஏற்றுமதியாளர்கள் தனியாக ஒரு சங்கம் அமைத்தபோது 'தென்னிந்திய' என்ற சொல் காணாமல் போனது. 'திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம்' என்று ஊர்ப் பெயரே முன்னால் வந்தது. ஊர் பெரியதானதால்தான் பெயர் சின்னதாக முடிந்தது. தன் பெயரைச் சொன்னாலே போதும் என்ற நிலைக்கு ஒரு ஊர் வருவது சாதாரண விஷயம் அல்ல.

ஆனாலும் பட்டப் பெயர் என்று வந்தால் கடன் வாங்கும் பழக்கம் போகவில்லை. கோவை 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்'. சிவகாசி 'குட்டி ஜப்பான்'. திருப்பூரோ 'டாலர் சிட்டி'. ஒன்று அடுத்தவன் ஊர், ஒன்று அடுத்தவன் நாடு, இன்னொன்று அடுத்தவன் பணம். ஆஸ்திரேலியாவில் கடைக்குப் போனால் படுக்கை விரிப்பு, தலையணை உறை விற்கும் பிரிவின் பெயரே 'மான்செஸ்டர்'தான். அந்த ஊரின் மில்கள் மூடிய பிறகும் அந்தப் பெயர் விரிப்போடு விற்றுக்கொண்டிருக்கிறது. ஊரின் பெயர் ஒரு பொருளாகவே மாறிவிட்டால் அது தலைமுறைகள் தாண்டியும் நிற்கும்.

பெயர் பழியையும் சுமக்கும்

ஊர்ப் பெயர் புகழை மட்டும் சுமப்பதில்லை. சாயக் கழிவு நொய்யலில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணை வரை போய்த் தேங்கி, கீழே உள்ள விவசாயிகளின் கிணறும் காடும் பாழானபோது, பாழாக்கியது எந்த யூனிட் என்று யாரும் தனித்தனியாகப் பெயர் சொல்லவில்லை. 'திருப்பூர் சாயம்' என்றுதான் சொன்னார்கள். ஒழுங்காகச் சுத்திகரித்தவர், இரவோடு இரவாகத் திறந்துவிட்டவர் எல்லோருக்கும் ஒரே பெயர்.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. சாயம் நின்றதும் தையல் தடுமாறியது. சாயப்பட்டறைப் பக்கமே போகாத டெய்லர், கைமடி, அயர்ன் மாஸ்டர் என்று எத்தனையோ பேரின் வாரச் சம்பளத்தில் அது விழுந்தது. கழிவு நீர் ஒரு சொட்டும் வெளியே போகாத முறைக்கு மாறித்தான் பட்டறைகள் திரும்பத் திறந்தன. பொதுப் பெயரை எல்லோரும் அனுபவிக்கலாம். அதைக் கெடுப்பவர் ஒருவராக இருந்தாலும் கடனை எல்லோரும்தான் அடைக்க வேண்டும்.

பக்கத்துப் பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு. வேறு ஊரில் நெய்ததைப் 'பவானி' என்று விற்றால் சட்டத்தில் கேட்க முடியும். கைத்தறியில், ஒரு ஊருக்கே உரிய பழக்கத்தில் நெய்ததற்கு அந்தக் காப்பு பொருந்துகிறது. எந்த ஊரிலும் ஓட்டக்கூடிய நிட்டிங் மிஷினில் வரும் பனியனுக்கு அப்படி ஒரு காப்பு எளிதில் கிடைக்காது. திருப்பூரின் பெயரைத் திருப்பூர்தான் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

இரண்டு லேபிள்கள்

வெளிநாட்டுக்குப் போகும் டி-ஷர்ட்டின் கழுத்தைத் திருப்பிப் பாருங்கள். பெரிய எழுத்தில் பிராண்டின் பெயர். உலகம் அறிந்த பெயராக இருக்கும். அதன் அருகில் சிறிய எழுத்தில் 'மேட் இன் இந்தியா'. அமெரிக்காவுக்குப் போகும் உடுப்பில் எந்த நாட்டில் தைத்தது என்பதைக் கழுத்தின் உள்பக்கம், இரண்டு தோள் தையல்களுக்கும் நடுவே, கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்று அந்த நாட்டு விதியே இடம் குறித்துச் சொல்கிறது. திருப்பூர் என்ற பெயருக்கு அந்த லேபிளில் இடம் இல்லை. நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் இந்த ஒரு ஊரிலிருந்து போகிறது. போட்டுக்கொள்பவருக்கு அது தெரியாது.

ஆனால் பயருக்குத் தெரியும். ஆர்டர் கொடுக்கும் மேஜையில் அவர் 'இந்தியா' என்று சொல்வதில்லை, 'திருப்பூர்' என்கிறார். கலபாரி மக்கள் 'அசல் இந்தியா' என்று கேட்டு வாங்கியதைப் போல.

கற்பனைத் தம்பதியின் கதையை முடித்துவிடலாம். ஆடிட்டர் ஆபீஸிலிருந்து திரும்பும் வழியில் மனைவி கேட்கிறார்.

"ஏனுங்க, 'நேஷனல்' வேண்டாம். 'திருப்பூர்'னு ஊர் பேரையே போட்டு, பின்னால நம்ம புள்ள பேரைச் சேத்திக்கலாமுங்களா?"

"ஊர் பேரைப் போட்டா, ஒரு லாட்டு ரிஜெக்ட் ஆனாலும் ஊருக்கே கெட்ட பேராப் போயிருமே கண்ணு."

"அதுக்குத்தானுங்க நான் செக்கிங்ல உக்கார்றேன்."